ஈச்சந்தாங்கலுக்கு ஏழு பேர்

நெத்திலியின் தலையைக் கிள்ளும்போது வரும் அந்தச் சின்ன நெரிவு காதில் கேட்பதில்லை, விரல் எலும்பில்தான் கேட்கிறது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, என்று எண்ணிக்கொண்டே தனபாக்கியம் சமையலறைத் தரையில் விரித்த பேப்பரில் தலைகளையும் பக்கத்துச் சட்டியில் உடல்களையும் போட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அவள் மகள் தேன்மொழி வேன்காரரோடு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே பேசுவது அவள் வழக்கம். "ஏழு பேருண்ணா. நான், அவரு, பாப்பா, எங்க நாத்தனாரு, அவங்க வீட்டுக்காரு, அம்மா, அப்பா. அப்பாவுக்கு வீல்சேர் இருக்கு." "மடக்குற சேராம்மா, மடக்காத சேரா?" "சேரு மடங்கும்ணா. எங்கப்பாதான் மடங்கமாட்டாரு." வேன்காரர் சிரித்தார். தேன்மொழி சிரித்தாள். பால்கனிக் கதவோரம் அதே நாற்காலியில் இருந்த ஏகாம்பரமும் சிரித்திருப்பார், முகத்தின் இடது பாதியால் மட்டும். வலது பாதி ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்த அன்றைக்கே செத்துவிட்டது, பேச்சும் அதோடு போயிற்று. தலையை மேலும் கீழும் ஆட்டினால் சரி, பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம், அவ்வளவுதான் மிச்சம். கட்டிய புருஷனின் அந்தப் பாதிச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தனபாக்கியத்துக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. நாற்பத்து மூன்றாவது மீன் தலையோடு வயிறும் கிழிந்து கருஞ்சிவப்பாக விரலில் வழிந்தது. ஏழு பேர் போவார்கள். திரும்பி வரும்போது ஆறு பேர் இருப்பார்கள். நான்கு நாளாக இந்த ஒரே கணக்குத்தான் தலைக்குள் ஓடுகிறது, எங்கே தொடங்கினாலும் ஆறில்தான் வந்து நிற்கிறது.

அவளாக அதைத் தேடிப் போகவில்லை. திங்கட்கிழமை குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது தேன்மொழி வாசற்படியில் வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் தன் மகள் வெண்பாவுக்கு நீர்ப்பறவைகளைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், ஈச்சந்தாங்கல் ஏரிக்கே ஒருநாள் போய்விட்டு வந்தால் என்ன, அப்பா பிறந்த ஊர்தானே, விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் தாம்பரத்துக்குத் திரும்பிவிடலாம், என்றாள். போனில் படம் காட்டினாள். ஏரி அப்படியே இருந்தது. கரைமேல் புதிதாக ஒரு கோபுரம், பறவை பார்க்க வருகிறவர்கள் ஏறுவதற்கு. தனபாக்கியம் படத்தைப் பெரிதாக்கிப் படிகளை எண்ணினாள், ஐம்பத்திரண்டு. "படியில சேரு ஏறாது. அதனால நீயும் அப்பாவும் மதகுகிட்ட அந்தப் புளியமரத்தடியில உக்காந்திருங்க. நாங்க ஏறிப் பாத்துட்டு முக்கா மணி நேரத்துல இறங்கிடறோம். பழைய கதையெல்லாம் பேசிக்கிட்டிருங்க, என்ன, நீ பேசு, அவரு கேக்கட்டும், இத்தனை வருஷம் அவரு பேசுனாரு நீ கேட்ட இல்ல." இதைச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான்காவது விசில் வருவதற்குள் தனபாக்கியத்தின் தலைக்குள் எல்லாம் முடிந்திருந்தது. மதகுக்குக் கீழே தண்ணீர் வெட்டி வெட்டிப் பள்ளமான இடம், கோடையிலும் இரண்டு ஆள் ஆழம், ஒருமுறை வண்டிமாடு ஒன்று இறங்கிக் கொம்புகூட வெளியே தெரியவில்லை. மரத்து வேரிலிருந்து விளிம்புக்கு ஒன்பது எட்டு வைக்க வேண்டும், அது இருபத்து மூன்று வயதுக் காலின் எட்டு, இப்போது பன்னிரண்டு வரும். தரை ஏரிப் பக்கம் சாய்ந்திருக்கும். தள்ளக்கூட வேண்டாம். நாற்காலியின் சக்கரத்தைப் பூட்ட மறந்தால் போதும், வயசானவள், மறப்பாள், பால்காரனிடம்கூடக் குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷி, அவளை யார் என்ன கேட்கப்போகிறார்கள், பாவம் என்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். நூறு வரைக்கும் எண்ணிவிட்டு அதற்குப் பிறகு கத்த வேண்டும். கத்துவதுதான் சந்தேகமாக இருந்தது. அறுபத்து நாலு வயதுக்கு அவள் ஒருதடவையும் கத்தியதில்லை. செவ்வாய்க்கிழமை காலை மிக்ஸி ஓடும்போது அந்த இரைச்சலுக்கு அடியில் கத்திப் பார்த்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை ஏதோ வந்தது, தேங்காய்ச் சட்னி கொஞ்சம் நைசாகிவிட்டது.

"பெரியவருக்குப் பறவை பாக்குறதுல அவ்ளோ இஷ்டமாம்மா?" என்று வேன்காரர் கேட்டார். "எங்கப்பாவுக்குப் பறவைன்னா உயிருண்ணா," என்றாள் தேன்மொழி. "சின்ன வயசுல சைக்கிள் பார்ல உக்கார வெச்சிக் கூட்டிட்டுப் போவாரு. வானத்துல புள்ளி மாதிரி தெரியும், இது நாரை, இது சிறகி, இது மடையான்னு சொல்லுவாரு. வாயாலயே கூப்பிடுவாருண்ணா, அதுங்க திரும்பிப் பாக்கும்." அது பொய் இல்லை. அவர் கூப்பிட்டால் அவை திரும்பிப் பார்க்கும். பார்ப்பது மட்டுமா, இறங்கும். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுவடை முடிந்த வயலில் கணுக்காலளவு தண்ணீர், அதில் வலையை விரித்து மண்ணால் மூடி, நடுவில் முளை அடித்து ஒரு கொக்கைக் காலில் கயிறு கட்டி நிறுத்துவார். மேலே கூட்டம் போகும்போது கயிற்றைச் சுண்டினால் அந்தக் கொக்கு இறக்கையை விரித்து அடங்கும், மேலே இருப்பவை, இங்கே ஒருவன் நிம்மதியாக மேய்கிறான் என்று நினைத்து இறங்கும். இழுப்புக் கொக்கு என்று அதற்குப் பேர். அது மிரளக் கூடாது. ஆளைப் பார்த்துவிட்டால் மிரளும், ஆகவே பார்க்கக் கூடாது, ஆகவே அதன் கண்ணைத் தைக்க வேண்டும். அவர் விரல் தடிமன், ஊசி வளைந்துபோகும். கல்யாணமாகி வந்த ஒன்பதாம் நாள் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன் கைதான் சரி, சின்னக் கை," என்றார். அவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது, அன்றைக்கு முழுக்க அதை வைத்துக்கொண்டு திரிந்தாள், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகத்தான் திரிந்தாள். நூல் இமையை அறுத்துவிடும், அதனால் தலைமுடி, அவள் தலைமுடியே, இரண்டை ஒன்றாக முறுக்கி. கண்ணுக்கு இரண்டு தையல், கொக்குக்கு நான்கு. உடம்பைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, அலகை இடது கையில் பிடித்து, கீழ் இமையில் குத்தி மேல் இமையில் எடுக்க வேண்டும். குத்தும்போது அது கத்தாது. தொண்டை மட்டும் ஏறி இறங்கும். தொடைக்கு நடுவில் அதன் இதயம் அடிப்பது தெரியும், அதை மட்டும் எண்ண முடியாது, அவ்வளவு வேகம். தைத்தவற்றுக்கு அவளே கையால் மீன் ஊட்டுவாள், இதே அளவு மீன்கள்தான், அலகைப் பிரித்து உள்ளே தள்ளிவிட வேண்டும். பத்து நாள் தாங்கும். சிலது பதினாலு. மாலையில் வலைக்குள் இருப்பவற்றைப் பட்டணத்து ஓட்டலுக்கு அனுப்பக் கொத்துக் கொத்தாகக் கட்டுவார்கள், அதற்கு முன்னால் ஒவ்வொன்றின் இறக்கையையும் பின்னால் திருகிப் பூட்டிவிடுவார்கள், உயிரோடு போனால்தான் கெடாது, அந்தத் திருகலுக்கும் இதே சத்தம், எலும்பில் கேட்கிற சத்தம். தேன்மொழிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு ஆறு வயதாவதற்குள் காட்டிலாகாக்காரர்கள் வந்து வலைகளை எரித்துவிட்டார்கள், குடும்பம் பட்டணத்துக்கு வந்துவிட்டது, அவர் ஒரு கிடங்கில் காவலுக்குச் சேர்ந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைச் சைக்கிளில் வைத்து வானத்தைக் காட்டினார். தைத்தவை நூற்றுப் பதினெட்டு.

நூற்றுப் பதினெட்டில் எழுபத்திரண்டாவதுதான். அதைத்தான் நினைக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் காலையில் தீர்மானிப்பது, பல் தேய்ப்பதற்குள் நினைத்தும் விடுவது. சின்ன வெள்ளைக் கொக்கு. தொடைக்கு நடுவில் இடுக்கியபோது துள்ளவில்லை, கழுத்தை நீட்டி அலகை அவள் மணிக்கட்டின்மேல் வைத்துக்கொண்டது, தூங்கப் போகிற குழந்தை வைத்துக்கொள்வது மாதிரி. அப்போது தேன்மொழி ஆறு மாதத்துக் குழந்தை, ஏணையில் கிடந்தாள். கை என்னவோ செய்துவிட்டது. இரண்டாவது தையலை இழுத்து முடியாமல் விட்டாள், ஒரு அரிசி முனை அளவு இடைவெளி, வெளிச்சமாவது தெரியட்டும், வெறும் வெளிச்சத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். வெளிச்சத்தில் எல்லாம் இருக்கிறது. மறுநாள் காலை வயலில் அந்தக் கொக்கு வெளிச்சத்தை மட்டும் பார்க்கவில்லை, வரப்புக்குப் பின்னால் கயிற்றோடு குந்தியிருந்த ஆளையும் பார்த்தது, பார்த்துவிட்டுக் காலே பிய்ந்துவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டது, மேலே இறங்க வந்த கூட்டம் அப்படியே ஒரு துணியை உதறின மாதிரித் திரும்பிப் போய்விட்டது. வலையில் நான்கே நான்கு. வீட்டுக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. கொக்கை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அந்த இடைவெளியைப் பார்த்தார். கழுத்தை ஒரே திருகு, கீழே போட்டார். போட்டுவிட்டு, ஊசி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். ஏன் எடுத்துக் கொடுத்தாள், நாற்பத்தொரு வருஷமாக இந்த இடத்தில்தான் வந்து சிக்கிக்கொள்கிறது, கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள், தெரியாது என்று சொல்லியிருக்கலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், ஊசி ஓலைச் செருகலில் இருந்தது, எழுந்து போய், கையை உயர்த்தி, எடுத்து, கொண்டுவந்து அவன் கையில், அவன், மனசுக்குள்கூட அவரை அவன் என்று சொன்னதில்லை, அவன் கையில் கொடுத்தாள். முட்டியை மார்பில் வைத்து அழுத்தினான். "கத்துனா கொழந்தை எழுந்துக்கும்," என்றான். அவள் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கினான், நீளமாக இல்லை என்று இன்னொன்று. இடது கண். கீழ் இமையில் குத்தி மேல் இமையில். இரண்டு தையல், தடித்த விரல், இரண்டாவதை நன்றாக இழுத்தான், இப்படித்தான் இழுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிற மாதிரி நிதானமாக இழுத்தான். அவள் கத்தவில்லை. குழந்தையும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் அந்தக் கண்ணோடு சோறு வடித்தாள், தண்ணீர் இறைத்தாள், பால் கொடுத்தாள், குழந்தை அந்தக் கண்ணைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் பூச்சி கடித்துவிட்டது என்று அவரே சொல்லிவிட்டார். நான்காம் நாள் காலையில் பிளேடால் அவரே அறுத்துவிட்டார், கை நடுங்கவில்லை, ஒற்றிக்கொள்ள வெந்நீரும் வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த இமை பாதிக்கு மேல் ஏறுவதில்லை. அன்றிலிருந்து அவர் அவள்மேல் கையை ஓங்கியதும் இல்லை. ஓங்கத் தேவை இருக்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பத்தாறு கொக்குகள். ஒன்றில்கூடத் தையல் தளரவில்லை.

எண்ணிக்கை தப்பிவிட்டது. எழுபத்தொன்றா எண்பத்தொன்றா என்று தெரியாமல் பேப்பரில் கிடந்த தலைகளைத் திரும்ப எண்ணப் பார்த்தாள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணும் வாயுமாகக் குழம்பிக் கிடந்தன. அவள் பயந்தது அவரை நினைத்து இல்லை. நான்கு நாளாக அந்தத் திட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், வலையை வெயிலில் பிடித்து ஓட்டை தேடுவது மாதிரி, ஓட்டை ஒன்றும் இல்லை. இருந்தால் விட்டுவிடலாம். இல்லாத ஒன்றை எப்படி விடுவது. செய்துவிடுவாள். கை செய்துவிடும், ஊசியை எடுத்துக் கொடுத்த கை, நாற்பத்தாறு கொக்குகளைத் தைத்த கை, யாரையும் கேட்காமல் அது செய்துவிடும், அவள் நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஓட்டையை அவளேதான் போட வேண்டும். எழுந்து, புறங்கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "தேனு, அந்தப் புளியமரத்தை வெட்டிட்டாங்களாம்." "யாரு சொன்னா?" யார் சொன்னது என்று யோசித்து வைக்கவில்லை. "யாரோ." "யாரோவா. வெட்டுனா என்னம்மா, பெரிய குடை எடுத்துட்டுப் போலாம், எங்க வீட்டுக்காருகிட்ட இருக்கு." "அப்பாவுக்கு நடுவுல அவசரமா வந்துட்டா?" "அதுக்குத்தான் டயப்பர் ஒரு பாக்கெட் புதுசா வாங்கி வெச்சிருக்கேன்." "வெயில் தாங்கமாட்டாரு." "அஞ்சு மணிக்குக் கிளம்புறோம், பத்து மணிக்கு மேலதான் வெயிலே." "எனக்கு முட்டி வலிக்குது. நடக்க முடியாது." தேன்மொழி மடித்துக்கொண்டிருந்த சட்டையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "உன்னை யாரு நடக்கச் சொன்னா? நீ ஒரு வேலையும் செய்ய வேணாம். அப்பா பக்கத்துல சும்மா உக்காந்திரு, போதும்." ஒவ்வொரு ஓட்டையாக மகள் அன்பாகத் தைத்து மூடிவிட்டாள், இழுத்து, நன்றாக. வேன்காரர், "அக்கா, நான் வண்டிய ஒருதரம் பாத்துட்டுப் பத்து நிமிஷத்துல கூப்பிடறேன், ஆளு கணக்கை அதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க," என்று சொல்லி வைத்தார்.

பத்து நிமிஷம். தனபாக்கியம் கையைப் பார்த்தாள், செதில் ஒட்டி மினுமினுத்தது, கழுவவில்லை. சொல்லிவிடலாமா என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "எங்க ரெண்டு பேரையும் அங்க தனியா விட்டுட்டுப் போகாத. நான் அவரைத் தண்ணியில தள்ளிடுவேன்." தேன்மொழி ஒரு நொடி பார்த்தாள். பிறகு அப்படிச் சிரித்தாள், கட்டிலில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நீயா! நெத்திலித் தலையைக் கிள்ளவே அரை மணி நேரம் யோசிக்கிறவ நீ! அப்பா கேட்டியா, உன்னைத் தள்ளிடுவாங்களாம், நாப்பது வருஷத்துல அம்மா அடிச்ச ஒரே ஜோக்கு இதுதான், இதை எங்க வீட்டுக்காருகிட்டச் சொல்லணும்." கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்கு மடித்த துணிகளை எடுத்துப் போனாள். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று ஏன் நினைத்தாள். இந்த வீட்டில் அவள் சொன்னால் அது உண்மை என்று தெரிந்த ஆள் ஒருவர்தான் இருக்கிறார். பால்கனிக் கதவோரம் போய் நாற்காலியின் முன்னால் குந்தினாள், அவர் முகத்துக்கு நேராக. கீழே தெருவில் யாரோ இரும்புக் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார்கள், கீச்சென்று பல் கூசியது. இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்து நாளாயிற்று, தினமும் துடைக்கிறாள், சவரம் செய்கிறாள், கத்தி தொண்டையில் இறங்கும்போது எண்ணிக்கொண்டே இருப்பாள், பார்ப்பதில்லை. "இங்க பாருங்க," என்றாள், தேன்மொழிக்குக் கேட்காமல். "நெசமாத்தான் சொல்றேன். மதகுப் பள்ளம் உங்களுக்குத் தெரியும். நான் பூட்டமாட்டேன். நூறு எண்ணிட்டுத்தான் கத்துவேன். எனக்கு அது வேணாம். அவ இப்ப வந்து கேப்பா. வேணாம்னு தலைய ஆட்டுங்க. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒரே ஒரு தடவை ஆட்டுங்க, போதும், ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்." அவர் பார்த்தார். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற கண்கள், புள்ளியாகப் போகிற பறவையைப் பேர் சொல்கிற கண்கள். கேட்டுக்கொண்டார். புரிந்துகொண்டார். அதில் சந்தேகமே இல்லை.

தேன்மொழி திரும்பி வந்தாள். "என்ன ரெண்டு பேரும் ரகசியம்? அப்பா, இவங்க உன்னைப் பயமுறுத்துறாங்களா? ஏரிக்குப் போலாமாப்பா? உங்க ஊரு ஏரிக்கு?" அவர் கண்களைத் தனபாக்கியத்தின் முகத்திலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார். மேலும் கீழும். மூன்று தடவை, நிதானமாக. இடது பாதி முகம் மெல்ல ஏறிச் சிரித்தது. அவர் சாகத் துணிந்துவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தாள், அப்படி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். அது இல்லை. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். சின்னக் கை என்று சொன்னபோது சிரித்த சிரிப்பு. நாற்பத்தாறு கொக்குகளை ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்தில் தூக்கித் தையலைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு. இந்தக் கை சொன்னதைச் செய்யும், தானாக ஒன்றும் செய்யாது, இவள் என்னை என்ன செய்துவிடுவாள் என்கிற சிரிப்பு. அவளுக்குள் ஏதோ ஒன்று எண்ணுவதை நிறுத்தியது. காது அடைத்துக்கொண்டது, கம்பி வெட்டுகிற சத்தம் தூரத்துக்குப் போயிற்று, இரண்டு கையும் நாற்காலியின் இரண்டு பக்கமும் போய்ப் பிடித்துக்கொண்டன, இங்கேயே பால்கனிக் கம்பி இடுப்புயரம்தான், இரண்டு மாடி, ஏரி எதற்கு, ஞாயிற்றுக்கிழமை எதற்கு. "அம்மா, அந்த மீன் கையோட சேரைப் பிடிக்காத," என்றாள் தேன்மொழி. தனபாக்கியம் கையை எடுத்தாள். எடுக்க முடிந்தது. எடுத்த கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோய், சுண்டு விரலால் இடது இமையைத் தூக்கிப் பிடித்தாள், அடியில் இரண்டு இடத்தில் வெள்ளையாகக் கட்டியிருந்த தழும்பு மகளுக்குத் தெரிகிற மாதிரி. "இது பூச்சிக் கடி இல்ல, தேனு." "என்னம்மா?" "கிட்ட வந்து பாரு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. உங்கப்பா தெச்சாரு. என் தலைமுடியால. நீ ஏணையில தூங்கிக்கிட்டிருந்த." பிறகு மற்றதையும் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், அவளுக்கு நீட்டிச் சொல்ல வராது, எத்தனை கொக்கு, எத்தனை தையல், எத்தனை நாள், வலையில் எத்தனை விழுந்தது, வெந்நீர் வைத்துக் கொடுத்தது உட்பட, ஒன்றையும் கூட்டவில்லை, அவருக்குச் சேர வேண்டியதைக் குறைக்கவும் இல்லை. கடைசியில், அதற்குப் பிறகும் தான் நாற்பத்தாறு கொக்குகளைத் தைத்ததைச் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் வரவில்லை, திரும்பச் சொன்னாள்.

தேன்மொழியின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகாமல் இருந்தது, எடுத்துவைக்க இடம் தெரியாத பாத்திரம் மாதிரி. அவள் அம்மாவின் பக்கம் வரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தருகே குனிந்தாள். "அப்பா," என்றாள். "இல்லன்னு ஆட்டுப்பா." அவர் தலை அசையவில்லை. "அப்பா, அம்மாவுக்கு வயசாயிடுச்சு, என்னத்தையோ உளறுதுன்னு ஆட்டு. நான் நம்புறேன். ஒரே ஒரு தடவை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்." ஏகாம்பரம் மகளைப் பார்த்தார். வாழ்க்கையில் இந்த ஒரே ஒரு ஆளைத்தான் அவர் அப்படி ஆசையாகப் பார்த்திருக்கிறார், அதையும் தனபாக்கியம் மறுக்கமாட்டாள். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கண்ணையும், இறுக்கமாக. தனபாக்கியம் எண்ணினாள். பத்தொன்பது வரைக்கும் திறக்கவில்லை. தேன்மொழி நிமிர்ந்தாள். கூடத்தில் மடிக்காமல் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து வைத்தாள், ஓரங்கள் சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்கல்லாம் போயிட்டு வாங்கம்மா," என்றாள். குரல் உயரவே இல்லை. "பாப்பாவை ஏமாத்த வேணாம். அவரும் நாத்தனாரும் கூட வரட்டும். நான் வீட்ல இருக்கேன். நான் அப்பாவைப் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு மறுபடியும் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள், கைப்பிடியைப் பிடித்த விரல்களில் முட்டி ஒவ்வொன்றும் வெளுத்திருந்தது, பார்வை பால்கனிக்கு வெளியே எங்கோ இருந்தது. அந்தக் குரலைத் தனபாக்கியத்துக்குத் தெரியும். நான்கு நாளாக அவள் தலைக்குள் பேசிக்கொண்டிருந்த குரல் அது, அதே நிதானம், அதே சுத்தம், ஓட்டையே இல்லாத குரல். தன்னிடமிருந்து போயிற்று என்று நினைத்தது போகவில்லை, கை மாறியிருக்கிறது. அவள் சொன்னாள், சொன்னதால் மாறியது. போன் அடித்தது. கட்டிலின்மேல் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்தது. தேன்மொழி அதைப் பார்க்கவே இல்லை. தனபாக்கியம் போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், செதிலும் ரத்தமும் காயாத கையாலேயே, விரல் விரலாகக் கைப்பிடியிலிருந்து பிரித்து, இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். வேற்று ஆளிடம் அவள் போனில் பேசியதே இல்லை. பச்சையாகத் தெரிந்த இடத்தைக் கட்டை விரலால் இழுத்தாள். "அக்கா, ஆளு கணக்கு முடிவாச்சா? ஏழுதானே?" என்றார் வேன்காரர். "இல்லிங்க," என்றாள். சத்தமாகத்தான் வந்தது. "ஏழு இல்லிங்க. நாற்காலியும் வராது. மாப்பிள்ளையை வரச் சொல்லி அவரைப் பாத்துக்கச் சொல்றேன், மத்தவங்க இன்னொரு நாள் வருவாங்க. நானும் என் பொண்ணும் மட்டும் வர்றோம். ரெண்டு பேரு." "ரெண்டு பேருக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய வண்டி?" "அப்ப சின்னதா ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள் தனபாக்கியம். மகளின் மணிக்கட்டை அவள் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேணாம். இன்னைக்கே வாங்க. இப்பவே."